அந்தக் கை மாமாவோடது இல்லை: ஒரு குறும்படம், நான்கு திரையிடல்கள்

குமாரபாளையத்தில் நாங்கள் எடுத்த 19 நிமிடக் குறும்படத்தை ஏழு மாதத்தில் நான்கு இடங்களில் திரையிட்டோம். முதல் இடத்தில் கைதட்டினார்கள். இரண்டாவது இடத்தில், அதுவும் படத்தில் வருகிற ஆட்களே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இடத்தில், யாருக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை. மூன்றாவதில் பாதி சேர்ந்தது. நான்காவதில்தான் படம் படமாக ஆனது. நடுவில் என்ன தப்பானது, எதனால், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையெல்லாம் விவரமாக எழுதி வைக்கிறேன். சின்ன ஊரில் குறும்படம் எடுக்கிறவர்கள் கேமராவையும் லென்ஸையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம், திரையிடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, நாங்களும் திறந்ததில்லை.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். காவிரிக்கு அந்தக் கரையில் பவானி, இந்தக் கரையில் நாங்கள். பவானிக்கு ஜமக்காளம், எங்களுக்கு லுங்கியும் துண்டும். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை இருக்கும், நாலு தறியோ எட்டுத் தறியோ ஓடும், அந்தச் சத்தத்திலேயே பிள்ளைகள் தூங்கும், படிக்கும், பெரியவர்கள் பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஐந்து நிமிடத்தில் தலைவலி என்பார்கள், எங்களுக்குச் சத்தம் நின்றால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று தோன்றும்.

படம் பாவு பிணைக்கிற ஒருவரைப் பற்றியது. தெரியாதவர்களுக்காக: தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டியிருக்கிற இழைகள், ஓடி முடிகிற நேரத்தில் அதை அப்படியே உருவி எடுத்துவிட மாட்டார்கள், பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார்கள். அப்படிச் செய்தால்தான் விழுதிலும் (இழைகளைத் தூக்கி இறக்குகிற கண்ணிகள்) அச்சிலும் (இழைகளைப் பிரித்து வைக்கிற சீப்பு) மறுபடி முதலிலிருந்து கோக்கிற வேலை மிச்சம். ஒரு லுங்கிப் பாவில் மூவாயிரத்துக்குப் பக்கமாக இழை இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு, அவ்வளவுதான். முடிச்சு கிடையாது. முடிச்சு போட்டால் அச்சில் சிக்கி அறுந்துவிடும். எங்கள் தெருவில் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிற ஒருவர் நாற்பது வருடமாக இந்த வேலை செய்கிறார். அவரைத்தான் எடுத்தோம். நாலு பேர் குழு, கையில் இருந்த காசு, கடன் வாங்கிய காசு எல்லாம் சேர்த்து 86,000 ரூபாய் செலவு.

எதற்காக எடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' வந்தபோது எங்கள் குழுவில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் அந்த மேடையில் குறும்படம் காட்டி, 2012, 2013-க்குள் பெரிய படம் எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் குறும்படம் என்றாலே சென்னைக்குக் காட்டுகிற பயோடேட்டா என்கிற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது. அந்த வழியில் நல்ல இயக்குநர்கள் வந்தார்கள், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் எடிட்டிங் முதல் சவுண்டு வரை நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் சென்னையில் ஏதோ ஒரு ஏசி தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற, நமக்கு முகம் தெரியாத நூறு பேர் இருந்தார்கள். இந்த ஆய்வில் எல்லாக் கோளாறும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

முதல் திரையிடல் சென்னையில் ஒரு சின்ன விழாவில், ஒரு பிரிவியூ தியேட்டரில். 5.1 சவுண்டு, அதாவது ஆறு சேனலில் சுற்றிலும் இருந்து வருகிற சத்தம். படம் தொடங்கியதும் நாலு பக்கமும் தறி ஓடுகிற சத்தம் எழும்பி, அதற்கு நடுவிலிருந்து மாமாவின் குரல் மெதுவாக வந்தது. சவுண்டு செய்த நண்பன் அந்த ஒலிக்காகப் பதினொரு ராத்திரி உழைத்திருந்தான். முடிந்ததும் பலர் வந்து சவுண்டைத்தான் பாராட்டினார்கள். "தறிக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது" என்று ஒருவர் சொன்னதைப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தோம்.

இரண்டாவது திரையிடல் எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தில். இதற்குப் போலீஸ் அனுமதி, தணிக்கைச் சான்றிதழ் என்று ஏதாவது கேட்பார்களோ என்று பயம் இருந்தது. 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுவில் காட்டுகிற படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் திரையிடல்களை 2017-ல் தடுத்ததும், அவர் அதை யூட்யூபிலேயே போட்டதும் எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. அதனால் டிக்கெட் இல்லை, போஸ்டர் இல்லை, வீடு வீடாகப் போய்க் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிட்டத்தட்ட 120 பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் தறிக்காரர்கள். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அத்தை.

படம் ஓடியது. சென்னையில் சிரித்த இடத்தில் சிரிப்பு இல்லை. அமைதியாக இருந்த இடத்தில் இங்கே பேச்சுச் சத்தம். பத்தாவது நிமிடத்தில் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். முடிந்ததும் மைக் கொடுத்து எல்லோரிடமும் கருத்துக் கேட்டோம், "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்பதற்கு மேல் யாரும் பேசவில்லை. கிளம்புகிற நேரத்தில் வாசலில் வைத்து அத்தைதான் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல."

அன்று ராத்திரி நாங்கள் மண்டபத்தின் மேல் பழியைப் போட்டோம். தரை கிரானைட், சுவர் பாதி உயரத்துக்கு டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட், பேசுகிற ஒவ்வொரு சொல்லும் நாலு தடவை திரும்பி வரும். அது உண்மைதான். ஆனால் மறுநாள் அதே லேப்டாப்பில் ஹெட்போன் போட்டுக் கேட்டபோதுதான் பெரிய தப்பு தெரிந்தது. நாங்கள் கொண்டுபோனது தியேட்டருக்காகச் செய்த ஆறு சேனல் ஃபைல். 5.1 கலவையில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும், சுற்றுச் சத்தம்தான் இடது, வலது, பின்பக்கம் என்று பரவியிருக்கும். மண்டபத்தில் லேப்டாப்பிலிருந்து ஒரு சாதாரண ஒயர் மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. அதில் போனது முதல் இரண்டு சேனல் மட்டும், இடதும் வலதும். அதாவது 120 பேருக்கும் நாங்கள் கொடுத்தது தறிச் சத்தம். மாமாவின் குரலாகக் கேட்டது, அந்த இரண்டு சேனலிலும் கொஞ்சம் கசிந்திருந்த அடிக்குரல் மட்டும்.

பத்து நிமிடம் முன்னால் போய் ஒருவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். யாரும் உட்காரவில்லை. எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் நின்று, படம் நேராக விழுகிறதா, கலர் சரியா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, ஸ்டீரியோவில் தனியாக ஒரு கலவை செய்தோம். வசனத்தை இரண்டு பக்கமும் சமமாக வைத்து, தூக்கி வைத்து, சாதாரண ஸ்பீக்கரில் பத்துத் தடவை கேட்டுப் பார்த்தோம். பளிச்சென்று இருந்தது. மூன்றாவது திரையிடலை மண்டபத்தில் வைக்காமல் தெருவிலேயே வைத்தோம். 1,500 ரூபாய் வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், பன்னிரண்டு அடிக்கு ஏழு அடி திரை. தெரு விளக்கு நேராகத் திரையில் அடித்தது, எதிர்வீட்டு அண்ணன் மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறி விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டார். தறி ஓடாத ஞாயிறு ராத்திரி என்பதால் சத்தமும் இல்லை, திறந்தவெளி என்பதால் எதிரொலியும் இல்லை.

இளவட்டங்களுக்கு எல்லாம் கேட்டது. கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள், பதில் குரல் கொடுத்தார்கள். ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருந்தவர்களின் முகத்தில் அதே பழைய பார்வை, மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற பார்வை. அத்தையிடம் நேராகப் போய் உட்கார்ந்து கேட்டேன். "சத்தம் பெருசாத்தான் கேக்குது கண்ணு. பேச்சுத்தான் கொழகொழன்னு இருக்குது."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். கேட்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. கேட்கிறது, தெளிவில்லை என்கிறார். எங்கள் குழுவில் ஒருவனின் அக்கா செவித்திறன் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறார். அவரிடம் கேட்டதும் படத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார், "அவங்கெல்லாம் தறிக்காரங்கதானே?"

அவர் சொன்னது இதுதான். தறிப்பட்டறைக்குள் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கிற மேல்வரம்பே 90 தான். வருடக்கணக்காக அதற்குள் இருந்தால் காது மொத்தமாக ஒரேயடியாகப் போகாது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது உயர்ந்த சுருதி. தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்கும், அதனால் ஆளுக்குத் தன் காது போனதே தெரியாது. பேச்சில் உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் கீழே இருக்கிறது, ச, த, ட, க, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுகிற ஓசை மேலே இருக்கிறது. அந்த மேல் ஓசை கேட்காமல் போய்விட்டால் பாவு, சாவு, காவு மூன்றும் ஒரே சொல்லாகத்தான் காதில் விழும். நேரில் பேசும்போது வாயசைவைப் பார்த்து, சந்தர்ப்பத்தை வைத்து, ஊகித்துக்கொள்வார்கள். படத்தில் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் ஓட்டினால் ஊகிக்கவும் வழியில்லை. அதோடு பின்னணியில் தறிச் சத்தத்தையும் வைத்தால் முடிந்தது கதை.

எங்கள் படத்தில் மாமாவின் பேச்சில் முக்கால்வாசி முகமில்லாத குரல். கையைக் காட்டுவோம், இழையைக் காட்டுவோம், ஜன்னலில் வெயிலைக் காட்டுவோம், குரல் மேலே ஓடும். அழகு என்று நினைத்துச் செய்தது. எல்லாவற்றுக்கும் அடியில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். சென்னையில் பாராட்டிய அந்தச் சத்தம்தான் இந்த ஊர்க்காரர்களின் காதைத் தின்ற சத்தம், அதையே கொண்டுவந்து அவர்கள் பேச்சின் மேல் போட்டிருக்கிறோம். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் ஆற்றங்கரையில் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பதினொரு ராத்திரி உழைத்த நண்பனுக்கு ஆறுதல் சொல்லவும் வார்த்தை வரவில்லை.

அந்தத் தெருத் திரையிடலில் இன்னொன்றும் நடந்தது. படத்தில் 40 நொடிக்கு ஒரு காட்சி உண்டு, விரல்கள் இழையை எடுத்து உருட்டுவது மட்டும், வெகு பக்கத்தில். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சுகிற காட்சி அது. அது திரையில் வந்ததும் அத்தை சத்தமாகச் சொன்னார்: "அந்தக் கை மாமாவோடது இல்லையே."

எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. அந்தக் காட்சி எடுத்த அன்றைக்கு மாமாவுக்குக் காய்ச்சல். லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம், திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் மாமாவிடம் தொழில் பழகுகிற பையனை உட்கார வைத்து, கையை மட்டும் எடுத்துக்கொண்டோம். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தோம். தெருவுக்கே தெரிந்தது. "உங்க மாமா உள்பக்கமா உருட்டுவாரு, இது வெளிப்பக்கமா உருட்டுது" என்று அத்தை விரலை வைத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், மாமாவின் ஆள்காட்டி விரல் ஓரத்தில் இழை ஓடி ஓடி விழுந்த ஒரு தடம் இருக்கும், இதில் இல்லை என்றார். ஒரு சின்னப் பெண் எழுந்து, "இது எங்கண்ணன் கை" என்று பெயரையே சொல்லிவிட்டாள். படத்தை நிறுத்தி அந்த 40 நொடியை மூன்று தடவை ஓட்டச் சொன்னார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு நேரம் எதுவும் விளங்காமல் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் அந்த 40 நொடியில் உயிர் பெற்றார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தில் படம் தப்பு செய்திருக்கிறது, அதைத் திருத்தலாம் என்று தெரிந்ததும் படம் அவர்களுடையதாகிவிட்டது. ஒருவர் சாம்பலைப் பற்றிப் பேசினார், ஒருவர் கூலியைப் பற்றிப் பேசினார், பிணைப்பு மெஷின் வந்தால் மாமா என்ன செய்வார் என்று ஒரு பெண் கேட்டார். மண்டபத்தில் மைக் கொடுத்து வராத பேச்சு, தெருவில் ராத்திரி பத்தரை வரை போனது.

அதற்கப்புறம் படத்தைக் கழற்றிப் போட்டோம். மாமாவின் பேச்சை மறுபடி பதிவு செய்ய வேண்டும், தறிச் சத்தம் ஒரு துளி இல்லாமல், முகம் தெரிகிற மாதிரி. எங்கள் ஊரில் பகலில் அதற்கு ஒரே நாள்தான் உண்டு, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் ஊரே அடங்கிவிடும். அந்த நாளுக்காக மூன்று வாரம் காத்திருந்தோம். பட்டறைத் திண்ணையில் மாமாவை உட்கார வைத்து, வெயில் வெளிச்சத்தில், நேர்முகமாக எடுத்தோம். அந்த அமைதியில் அவர் பேசிய விதமே வேறாக இருந்தது. தறிக்குள் கத்திக் கத்திப் பேசுகிறவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். முதல் படத்தில் சொல்லாத ஒன்றையும் சொன்னார், முதன்முதலில் பிணைத்த பாவு பாதியில் அறுந்து முதலாளி முன்னால் நின்றதை. அதையும் சேர்த்துக்கொண்டோம். கையையும் மறுபடி எடுத்தோம், மாமாவின் கையையே, உள்பக்கமாக உருட்டுகிற கை.

தறிச் சத்தத்தை மொத்தமாக எடுக்கவில்லை. பேச்சு இல்லாத இடத்தில் மட்டும் வைத்தோம், பேச்சு வரும்போது முழுக்க நிறுத்தினோம். சொல்லப்போனால் இப்போதுதான் அந்தச் சத்தத்துக்கு வேலை இருக்கிறது, நிற்கும்போது நின்றது தெரிகிறது. பெரிய எழுத்தில் தமிழிலேயே சப்டைட்டில் போட்டோம். தமிழ்ப் படத்துக்கு எதற்குத் தமிழ் சப்டைட்டில் என்று குழுவிலேயே சண்டை வந்தது, நானும் முதலில் வேண்டாம் என்ற கட்சிதான். படம் 22 நிமிடமாகிவிட்டது.

நான்காவது திரையிடல் படம் எடுத்த அதே பட்டறைக்குள். எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டு நடுச்சந்திலும் தறிக்கு இடையிலும் பாய் போட்டு அறுபது பேர் உட்கார்ந்தார்கள். அங்கேயே நெய்த காடாத்துணியை இழுத்துக் கட்டித் திரையாக்கினோம். மண்டபத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதலில் கேட்டுப் பார்த்தேன், எதிரொலி துளியும் இல்லை. சுற்றிலும் பாவும் நூலும் துணிச் சுருளும் அடுக்கியிருந்தது அத்தனை சத்தத்தையும் உள்வாங்கிக்கொண்டது. சப்டைட்டில் வந்ததும் முன்னால் இருந்த பிள்ளைகள் பாடப் புத்தகம் மாதிரி ஒன்றாகச் சேர்ந்து உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். தடுக்கலாமா என்று நண்பன் சைகையில் கேட்டான், வேண்டாம் என்றேன். எழுத்துத் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளின் குரலில் மாமாவின் பேச்சைக் கேட்டார்கள். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் பிந்தி வந்தது, ஆனால் வந்தது.

கடைசியில் ஒரு துண்டை விரித்தோம், 4,370 ரூபாய் விழுந்தது. இந்த யோசனை எங்களுடையது இல்லை. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-ல் கோழிக்கோட்டில் 'ஒடேஸா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' என்ற மலையாளப் படத்தை எடுத்தார்கள். மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறார். இவர்களைப் பற்றியெல்லாம் முன்பே வாசித்திருந்தோம், ஆனால் மக்களிடம் கொண்டுபோவது என்பதை அவர்கள் செய்த தியாகமாகத்தான் புரிந்துவைத்திருந்தோம். கொண்டுபோனால் படம் எடுத்தவனுக்கும் வேலை கற்கக் கிடைக்கும் என்று எனக்கு அத்தையின் 'கொழகொழ'வுக்கு அப்புறம்தான் புரிந்தது.

இப்போது எங்களிடம் மூன்று ஃபைல் இருக்கிறது: தியேட்டருக்கு ஆறு சேனல், மைக் செட்டுக்கு ஸ்டீரியோ, ஸ்டீரியோவோடு தமிழ் சப்டைட்டில். எங்கே போனாலும் மூன்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டுப் பார்க்கிறோம். அடுத்த படத்துக்கு எடிட்டிங் பாதியில் இருக்கும்போதே, சவுண்டுக்கு ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன், படத்தில் இருக்கிறவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவதாக முடிவு.

பட்டறைத் திரையிடல் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து நின்றார். கை சரியா இருக்குதுங்களா மாமா என்று கேட்டேன். "கை சரிதான். சாம்பல் கிண்ணத்தக் காட்டல. ஒரு ஞாயித்துக்கெழம வா, எடுத்துக்கலாம்" என்றார்.